லெப்ட் அவுட்டின் பெயர்

கொழும்புக் கோட்டையில் ஏறிய இரவு ரயில் விடியற்காலையில் திருகோணமலையில் இறக்கிவிட்டது. கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, பிரட்ரிக் கோட்டை வாசலில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்களைக் கடந்து வெளியே வந்தேன். அப்புறம் எனக்கு ஒரே வேலைதான்: அப்பா விளையாடிய உதைபந்தாட்டக் கழகத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

அவரோடு விளையாடிய ஐயா ஒருவர் உவர்மலையில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. தேத்தண்ணி வருமுன்னே பேச்சு தொடங்கிவிட்டது.

1957இல் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகும்வரை பிரித்தானியக் கடற்படைக்கு இந்தத் துறைமுகம்தான் வீடு. கப்பல் வந்து நின்றால் மாலையில் விளையாட மாலுமிகளுக்கு எதிரணி வேண்டும். டொக்யார்டில் வேலை செய்த எங்கள் ஆட்கள் அப்படித்தான் பந்தைத் தொட்டார்கள் என்றார் ஐயா. அவர்கள் சப்பாத்தோடு, இவர்கள் வெறுங்காலோடு.

அலுமாரியிலிருந்து ஒரு பந்தை எடுத்துவந்தார். தடித்த தோலை நீளத் துண்டுகளாக வெட்டித் தைத்தது. வாயில் சப்பாத்துக் கயிறு மாதிரி ஒரு தோல்வார். உள்ளே இருக்கும் பிளாடருக்குக் காற்றடித்து, அதன் வாலை மடித்து உள்ளே தள்ளி, வாரை இறுக்கி முடிய வேண்டும்.

“முடிச்சு வெளியில நிண்டா ஹெட் பண்ணுறவன்ர நெத்தி கிழியும் தம்பி” என்று என் விரலைப் பிடித்து அந்தத் தையலின் மேல் வைத்தார். மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்குமாம்.

கழகத்தின் கூட்டக் குறிப்புகள் 1990 இடப்பெயர்வில் போய்விட்டன. கிண்ணங்களைச் சுனாமி கொண்டுபோனது. சேற்றில் தோண்டியெடுத்த ஒன்று மட்டும் கைப்பிடி இல்லாமல் மேசையில் இருக்கிறது. ஊரடங்கு நாட்களில் பொழுதுபட விளையாட முடியாது. அதனால் மத்தியானம் இரண்டு மணி வெயிலில் விளையாடி முடித்திருக்கிறார்கள். பதினொரு பேர் சேராத நாளில் ஏழு பேர். அவர்கள் வென்ற எந்தக் கிண்ணத்தையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

“சரி, எழுதுங்கோ” என்று அந்தக் காலத்து அணியைச் சொன்னார். கோலி, இரண்டு புல் பேக், மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து பேர். ஒவ்வொரு பெயரோடும் ஓர் ஊர்: கனடா, தமிழ்நாட்டு முகாம், நிலாவெளி. சிலருக்கு ஊர் சொல்லவில்லை. “ரைட் ஹாஃப் உங்கட அப்பா. பந்தைக் குடுத்திட்டு நிக்கமாட்டார், ஓடிக்கொண்டே இருப்பார்.”

முன்வரிசையின் இடது ஓரத்தில் ஆடும் லெப்ட் அவுட்டுக்கு வந்ததும் ஐயா நின்றுவிட்டார். முகம் நினைவிருக்கிறது, இடக்கால் அடி நினைவிருக்கிறது, பெயர் மட்டும் வரவில்லை. நான் விடைபெறும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

இரவு ரயில் சீனக்குடாவைத் தாண்டி, கந்தளாயை நெருங்கும்போது கைபேசி அடித்தது.

“தம்பி, பேர் வந்திட்டுது. பேனை இருக்கோ?”

பத்துப் பெயர்களுக்குக் கீழே இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன்.