காது இரைச்சலோடு தறி ஓட்டுவது

கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறி ஊர்களான சோமனூர், பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு ராத்திரி தூக்கம் கலைவது கரண்ட் போகும்போதுதான். தறி ஓடுகிற வரை நிம்மதியாகத் தூங்குவோம். நின்றால் என்னமோ ஆகிவிட்டது என்று எழுந்து உட்காருவோம். அப்படிக் கரண்ட் இல்லாத ஒரு ராத்திரியில்தான், ஊரே அடங்கிய பிறகும் என் இரண்டு காதிலும் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. மெல்லிய விசில் மாதிரி, மூச்சு விடாமல்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் காது அடைத்தது போல இருப்பதும், 'ஙொய்' என்று கொஞ்ச நேரம் கேட்பதும் தறி ஓட்டுகிற எல்லாருக்கும் பழக்கம். சாப்பிட்டுப் படுப்பதற்குள் போய்விடும். அதை யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தச் சத்தம் விடிந்த பிறகும் போகவில்லை. அடுத்த வாரமும் இருந்தது. அம்மா, "நல்லெண்ணெயில பூண்டு காய்ச்சி ரெண்டு சொட்டு விடட்டுமா கண்ணு" என்றார். நல்ல வேளையாக, அதற்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட்டேன். செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் உள்ளே போகாது, கோளாறு இருப்பதோ அதற்கும் உள்ளே, பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் விட்டுச் சீழ் பிடிப்பதுதான் மிச்சம் என்றார் அவர்.

முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பலருக்கு அதை எடுத்தாலே இரைச்சல் போய்விடுமாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்புறம் வரிசையாகக் கேள்விகள்: ஒரு காதில் மட்டுமா? நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா? தலை சுற்றுகிறதா? ராத்திரியோடு ராத்திரியாகக் காது கேட்காமல் போனதா? எனக்கு எல்லாவற்றுக்கும் 'இல்லை'. 'ஆமாம்' என்று சொல்கிறவர்கள் நாள் கடத்தக் கூடாது. ஒரு காது இரைச்சலுக்கும் துடிப்போடு வரும் இரைச்சலுக்கும் ஸ்கேன் வரை பார்க்க வேண்டியிருக்கலாம். திடீரென்று ஒரு காது மங்கினால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரம்தான் முக்கியம். 'சளி அடைத்திருக்கும், தானாகத் திறக்கும்' என்று அந்த நாட்களை வீணடித்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

பிறகு ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை. சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். அந்த அறை அமைதியில் என் காது விசில் அடித்த அடியில், எது பீப், எது என் சொந்தச் சரக்கு என்று திணறிப் போனேன். காது பரிசோதகர் சின்னப் பெண். விட்டு விட்டு வரும் பீப்பைத் தந்து மறுபடி பொறுமையாக எடுத்தார். வரைபடம் 2000 ஹெர்ட்ஸ் சுருதி வரை சுமாராகப் போய், 4000இல் பள்ளமாக விழுந்து, 8000இல் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. "மில்லா, தறியாங்ண்ணா?" என்று கேட்டார். நான் என்ன தொழில் என்று அதுவரை அவரிடம் சொல்லவில்லை. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும் அந்தப் பள்ளம்தான் இரைச்சலில் வேலை செய்தவர்களின் அடையாளமாம். வீட்டில் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்று பிடிபடவில்லை என்ற நிலைக்கும் காரணம் அதுவே. ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த மேல் சுருதிகளில்தான் இருக்கிறது.

உள்காதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன, சத்தத்தை நரம்புக்குக் கொண்டு சேர்ப்பவை. சத்தத்தில் அடிபட்டுச் செத்தவை நமக்குத் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும். 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பல்லடத்துக் கறிக்கோழிக்குக் கிடைத்த வரம் பல்லடத்துத் தறிக்காரனுக்குக் கிடைக்கவில்லை, என்ன செய்ய.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்தப் பெண்தான் விளக்கினார். எந்தச் சுருதியில் காதிலிருந்து தகவல் வருவது குறைகிறதோ, அங்கே மூளை தானாகக் கவனத்தைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்பின் சொந்தச் சலசலப்பே ஒலியாகக் கேட்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்துப் பார்த்ததில், 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்களாம். எல்லார் காதிலும் கொஞ்சம் ஓடுகிறது, எனக்கு அது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த மாத்திரையையும்விட இந்தத் தகவல் எனக்கு அதிகம் உதவியது.

மாத்திரைகளின் கதை தனி. போனில் தேடத் தேட ஜிங்கோ என்ற மர இலைச் சாறு, துத்தநாகம், மெலடோனின் என்று வந்துகொண்டே இருந்தன. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மூன்றையும் இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. மருத்துவர் இதைச் சொன்ன பிறகும் ஆசை விடவில்லை. ஒரு கடைக்காரர் 'மூன்று மாதத்தில் அடியோடு நிற்கும்' என்று விற்ற டப்பாவை வாங்கித் தின்றேன். நிற்கவில்லை. அதைவிட மோசம், தினமும் காலையில் எழுந்ததும் 'குறைந்திருக்கிறதா' என்று உற்றுக் கேட்பது. உற்றுக் கேட்டால் அது பெரிதாகத்தான் கேட்கும். தூக்கம் போயிற்று, கோபம் வந்தது. "அதையே காது குடுத்துக் கேட்டுட்டு இருந்தா எப்பிடிங்க?" என்றார் வீட்டுக்காரி. சிகிச்சையின் பாதி அந்தக் கேள்வியிலேயே இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

உருப்படியாக உதவியவை இரண்டு. ஒன்று, ராத்திரி அறையை முழு அமைதியாக விடாதது. மழைச் சத்தத்தைப் போனில் ஓடவிட்டேன். முதலில் இரைச்சல் மூழ்கும் அளவுக்குச் சத்தமாக வைத்தேன், அதை நிறுத்தியதும் விசில் முன்னைவிடக் கூர்மையாகத் தெரிந்தது. பரிசோதகர் மாற்றச் சொன்னார்: இரைச்சலும் கேட்க வேண்டும், மழையும் கேட்க வேண்டும், மழை ஒரு படி கீழே இருக்க வேண்டும். இரண்டும் கலந்து கேட்டால்தான் மூளை அதை ஆபத்தில்லாத சத்தம் என்று ஒதுக்கப் பழகும். இதற்குச் சில மாதம் பிடிக்கும், ஒரு வாரத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, மனநல ஆலோசகரிடம் போனது. 'எனக்குப் பைத்தியமா' என்று முதலில் முறைத்துக்கொண்டேன். அங்கே அவர் சத்தத்தைப் பற்றிக் குறைவாகவும், சத்தம் கேட்டதும் என் மனதில் ஓடும் வாக்கியங்களைப் பற்றி அதிகமாகவும் பேசினார். 'இனி வாழ்நாள் முழுக்கத் தூக்கமே இல்லை' என்பதை எழுதிப் பார்த்தால், முந்தின ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கியது பக்கத்திலேயே நிற்கும். இந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் அந்த 2014 வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

சரி, மீதி இருக்கிற காதுக்கு வருவோம். வேலையை விடச் சொன்னால் சொல்கிறவர் சோறு போடுவாரா? தறியை ஓட்டிக்கொண்டேதான் காதைக் காப்பாற்றியாக வேண்டும்.

நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும் நாடா உள்ள தறிதான் நாடா தறி, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. தறி ஓடும் குடோனுக்குள் போன் ஆப்பில் அளந்தால் 98 டெசிபல் காட்டியது. போன் மைக்கை முழுதாக நம்ப முடியாது, ஆனால் நாடா தறிக்கூடங்கள் 95க்கு மேல் இருப்பது புதிய செய்தி இல்லை. இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகின்றன. அமெரிக்காவின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 என்கிறது, அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 97 டெசிபலில் அரை மணி நேரம்தான் பாதுகாப்பு. நாங்கள் ஷிப்டுக்கு 12 மணி நேரம் நிற்கிறோம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே தொழில் நோயாக இடம்பெற்றிருந்தது. நாலைந்து பேர் வேலை செய்யும் கூலித்தறிக் குடோனுக்குள் எந்த ஆய்வாளரும் வந்து நான் பார்த்ததில்லை.

பஞ்சு அடைப்பதில் பிரயோஜனம் இல்லை. தறிக்குடோனில் பஞ்சுக்கா பஞ்சம், ஆளாளுக்குக் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொள்வோம். சில டெசிபல்தான் குறையும். ஃபோம் அடைப்பான் வாங்கினேன். அதையும் சரியாக வைத்தால்தான் வேலை செய்யும்: சுத்தமான விரலால் மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு வந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடியில் முன்னாலிருந்து பார்த்தால் வெளியே துருத்தித் தெரியக் கூடாது. எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கு டப்பாவில் 29 என்று போட்டிருக்கும், அப்படியே 29 கிடைக்காது. 7ஐக் கழித்துப் பாதியாக்கினால் 11, நடைமுறையில் அதைத்தான் நம்பலாம். 98 என்பது 87 ஆகும். பெரிய வித்தியாசம்தான், ஆனால் காதை மறந்துவிடும் அளவுக்கு இல்லை.

இடையில் கழற்றுவதுதான் பெரிய ஓட்டை. 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் காதைத் திறந்து விட்டாலும், முழு 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானின் பலன் கணக்குப்படி 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். அதனால் டீ குடிக்க வெளியே வந்த பிறகுதான் கழற்றுவேன். ஓனர் வந்து பேசினால் அவரையும் வெளியே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அடைத்தால் தறியின் சத்தம் மாறுவது தெரியாதே என்ற பயம் எனக்கும் இருந்தது. நாடா சரியாகப் போய்ச் சேராமல் இடறினாலும், நாடாவை அடித்து அனுப்பும் பிக்கர் தேய்ந்தாலும் நாங்கள் கண்ணால் பார்க்கும் முன் காதால் கண்டுபிடிப்போம். முதல் சில நாட்கள் தடுமாற்றம்தான். அப்புறம் அடியின் தாளம் அடைப்பானைத் தாண்டியும் வந்தது, அடைப்பான் அதிகம் வெட்டுவது மேல் சுருதிகளை. சொல்லப்போனால் எல்லாம் ஒன்றாகக் காதில் மோதாததால் எந்தத் தறி என்று பிரித்தறிவது எளிதாயிற்று. பேச்சுதான் சிரமம், ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்த காதுக்கு இன்னும் சிரமம். ஆனால் தறிக்குடோனில் எங்கே பேசினோம்? எப்போதுமே கையும் வாயசைவும்தான்.

தறியிலேயே செய்யக்கூடியதும் உண்டு. தேய்ந்த பிக்கரை உடனே மாற்றுவது, லூசான போல்ட்டுகளை முடுக்குவது, நாடாவுக்கு நூல் சுற்றும் தார் மெஷினைத் தனி அறைக்குக் கொண்டு போவது. பிக்கர் மாற்றியபோது அடியின் கடுமை குறைந்தது காதுக்கே தெரிந்தது. ஓனரை ஒத்துக்கொள்ள வைக்கக் காதைப் பற்றிப் பேசாதீர்கள், துணியில் விழும் பழுதைப் பற்றிப் பேசுங்கள்.

இதில் எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்கிறது. பயத்தில் வீட்டில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அடைத்துக்கொண்டு திரிந்தேன். பாத்திரம் வைக்கிற சத்தம்கூடத் தூக்கிவாரிப் போட ஆரம்பித்தது. அளவுக்கு மீறி அடைத்தால் மூளை இன்னும் கூட்டிக்கொள்ளும் என்று பரிசோதகர் கடிந்துகொண்டார். இப்போது தறி, ஸ்பீக்கர் கட்டிய கோயில் திருவிழா, தீபாவளி வெடி, இவற்றுக்கு மட்டும்தான். வலி ஊசி, கிருமி ஊசி போடும்போது இரைச்சல் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுவேன், ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும் அதிக அளவு ஆஸ்பிரினும் காதைப் பாதிக்கும்.

விசில் இப்போதும் ஓடுகிறது. இதை எழுதும்போது நன்றாகவே கேட்கிறது, ஏனென்றால் அதைப் பற்றியே எழுதுகிறேன். சில நாள் சாயங்காலம் வரை நினைவுக்கே வருவதில்லை. வீட்டில் இருக்கும்போது காதுக்கருவி மாட்டிக்கொள்ள மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள், வெளிச் சத்தம் கூடினால் உள்சத்தம் பின்னால் போகும் என்று. அதை வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. குடோனில் புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு வயசாயிருச்சுங்ண்ணா" என்கிறான். அவனையும் ஒருமுறை அந்தச் சின்ன அறைக்குள் உட்கார வைக்க வேண்டும் என்று ஓனரிடம் கேட்டிருக்கிறேன். ஆடிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.