இருளர் குடியிருப்பும் எங்கள் சபையும்: லெந்து நாட்குறிப்பு

11.2.2024, ஞாயிறு, தாம்பரம்

ஆராதனை முடிந்ததும் கூட்டம். வரும் புதன் சாம்பல் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்குமான தவக்காலமான லெந்து நாட்களில் திருக்கழுக்குன்றம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புக்கு ஊழியம் போகலாம் என்று பேச்சு. அரிசி, போர்வை, சாயங்காலம் திரை கட்டிப் படம், கடைசியில் ஜெபமும் அழைப்பும்.

எனக்கு ஒப்பவில்லை. அங்கேயே சொன்னேன். அரிசிப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறவரிடம் "ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் எப்படி இல்லை என்பார்? முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் தோப்பிலும் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த சனம் அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்கப்புறமும் எத்தனையோ இருளர் குடும்பங்களை அதிகாரிகள் போய் மீட்க வேண்டியிருந்தது. கொடுக்கிறவர் முகம் கோணாமல் தலையாட்டியே பிழைத்தவர்களின் தலையாட்டலை நாம் விசுவாசம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

மூத்தவர் ஒருவர், "சுவிசேஷம் சொல்லாம வர்றதுக்கு நாம எதுக்கும்மா போகணும்?" என்றார். வன்மமாகக் கேட்கவில்லை. அரிசிக்குப் பாதிப் பணம் அவருடையது. "கேட்டா சொல்லலாம் ஐயா. அரிசி கொடுக்கிற அன்னைக்கு மட்டும் வேண்டாம்" என்றேன். இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடுக்கச் சொன்னவரின் பிள்ளைகள்தானே நாம்.

ஆயர் முடிவைத் தள்ளிவைத்தார்.

17.2.2024, சனி

குடியிருப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். ஏரிக்கரைப் புறம்போக்கு. பட்டா கிடையாது. தார்ப்பாய் போட்ட குடிசைகள், கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் ஏழு கல். இருளர்கள் கும்பிடும் தெய்வம் கன்னியம்மா.

பாம்பு பிடிக்கிற அண்ணன் ஒருவர் உட்காரச் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்திருக்கிறார்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தோல் ஏற்றுமதியும் நின்றுபோனதில் பிழைப்பே போயிற்று. அப்புறம் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கையும் பிடித்து வந்து, பானையில் வைத்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி மருந்து இந்த விஷத்திலிருந்து தயாராவதுதான். போன வருஷம் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்ததைப் பற்றிப் பேசும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்கா வரை போய் வந்தவர்கள் அவர்கள்.

"வளையில கை வைக்க சொல்ல கன்னிம்மாவ நெனச்சிக்குவோம். அது பாத்துக்கும்" என்றார். பயம் இல்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கிளம்பும்போது அவருடைய தம்பி மகன் தனியாக வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு. "அக்கா, சர்ச்சுக்குப் போனா எஸ்டி சர்ட்டிபிகேட் தர மாட்டாங்களாமே?" ஏதோ ஒரு அலுவலகத்தில் யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம்.

சட்டம் அப்படி இல்லை. 1950-இன் பட்டியல் சாதிகள் ஆணையில்தான் மத நிபந்தனை. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டும் என்கிறது. பழங்குடியினர் ஆணையில் அப்படியொரு வரியே கிடையாது. கும்பிடுவது கன்னியம்மாவை என்றாலும் இயேசுவை என்றாலும் இருளர் இருளர்தான். சான்றிதழ் தர வேண்டியவர் கோட்டாட்சியர். இதையெல்லாம் அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ஊழியம் ஊழியம் என்று இத்தனை பேர் வந்துபோகும் இடத்தில் இதை அவனுக்குச் சொல்ல ஒருவர் இல்லையே என்று மனசு கொதித்தது.

24.2.2024, சனி, மாமல்லபுரம்

மாசி மகம். விடிவதற்கு முன்பே போய்விட்டேன். சுவிசேஷக் கைப்பிரதி எதுவும் கொடுக்க வேண்டாம், நான் மட்டும் வருகிறேன் என்று ஆயரிடம் சொல்லியிருந்தேன்.

கடற்கோயில் பக்கத்து மணல் முழுக்க இருளர்கள். வட மாவட்டங்களிலிருந்தெல்லாம் முந்தின நாளே வந்து, குச்சி நட்டுப் புடவையைச் சுற்றிக் குடில் போட்டிருக்கிறார்கள். நிலா இன்னும் மேற்கே இறங்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் மணலில் ஏழு படி பிடித்து, பூவும் பொரியும் தேங்காயும் வைத்துக் கற்பூரம் ஏற்றியது. ஒரு பெரியவருக்கு அருள் வந்தது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறி கேட்டார்கள்: மகளுக்குக் கல்யாணம் எப்போது, காணாமல் போன தம்பி எங்கே. பக்கத்திலேயே ஒரு குழந்தைக்கு மொட்டை, இன்னொன்றுக்குக் காதுகுத்து. அங்கேயே பெண் பார்த்துப் பேசி முடிக்கிறார்கள்; கல்யாணமும் இந்த மணலில்தான்.

கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாள், சமாதானம் சொல்லி வீட்டுக்கு அழைக்க வந்திருக்கிறோம் என்றார் ஓர் ஆயா. பிறகு என்னையே பார்த்து, "உங்க சாமிய நீ கேட்டா அது பதில் பேசுமா?" என்றார்.

பேசும் ஆயா, ஆனா நான் காத்திருக்கணும் என்றேன். "எங்களுதும் எல்லா வருசமும் பேசாது" என்று என் கையில் பொரியைக் கொட்டினார்.

படைத்ததைச் சாப்பிடலாமா என்று எங்கள் சபையில் கேட்பார்கள். பவுலடியார் இதைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதியதை நானும் படித்திருக்கிறேன். ஆயா கொடுத்தார், சாப்பிட்டேன். என் விசுவாசம் எனக்கு உயிர். அதற்காக இன்னொருவர் தன் தாயிடம் பேசுவதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

3.3.2024, ஞாயிறு

குடியிருப்பிலிருந்து ஞானஸ்நானம் எடுத்த அக்கா ஒருவர் ஆராதனைக்கு வந்திருந்தார். அரிசி ஆலையிலிருந்து மீட்கப்பட்டவர். யாரும் அரிசி காட்டி அவரை அழைக்கவில்லை. மீண்டு வந்த புதிதில் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்த ஒரு பெண்ணால் வந்தார். அவர் பாடும்போது எங்கள் பாடகர் குழுவே சற்றுத் தணிந்து பாடியது.

மாசி மகத்துக்கு அவரும் போயிருந்தார். அதை ஒருவர் குறையாகப் பேச, அவரே எழுந்து சொன்னார்: "நான் அங்க கும்புடல. எங்க சனம் மொத்தமும் ஒரு நாள்தான் அங்க கூடுது. என் பொண்ணுக்கு மாப்பிள்ளைய வேற எங்க போய்ப் பாப்பேன்?"

யாரும் பதில் சொல்லவில்லை. மூத்தவர்தான் முதலில், "போயிட்டு வா தாயி" என்றார்.

4.3.2024, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். பாம்பு பிடிக்கும் அண்ணன், அந்தப் பையன், அந்த அக்கா மூவரோடும் செங்கல்பட்டு போய்ப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு கொடுத்தோம். ரசீதைப் பையன் பத்திரப்படுத்தினான்.

அரிசி சனிக்கிழமை போகிறது. படம் இல்லை, திரை இல்லை. வண்டி வாடகையை மூத்தவர் தருகிறார். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அடுத்த வாரம் யார் கூடப் போவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை; விடுமுறை எடுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள்.