29 கேட்டோம், 92 கிடைத்தது: மகளின் ஹொக்கி ஜேர்சி இலக்கத்துக்காக அலைந்த கதை

டொரொன்டோவின் ஸ்காபரோவில் மகளை ஐஸ் ஹொக்கியில் ஹவுஸ் லீக்கிலிருந்து (கழகத்துக்குள் பொழுதுபோக்காக ஆடுவது) ரெப் அணிக்கு (தேர்வு வைத்து எடுத்து, மற்றக் கழகங்களோடு ஆடும் அணி) அனுப்ப நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பனியில் சறுக்கவும் ஹொக்கி ஆடவும் பிள்ளைகள் தாமாகவே பழகிவிடுவார்கள். முதுகில் என்ன இலக்கம் வரும் என்பதில்தான் பெரியவர்கள் தவறு விட்டு, பிள்ளைகளை அழ வைக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஹவுஸ் லீக்கில் தொல்லை இருக்கவில்லை. ஜேர்சிகள் கழகத்துக்குச் சொந்தம். சின்ன அளவுகளில் சின்ன இலக்கம், பெரிய அளவுகளில் பெரிய இலக்கம், கோல் காக்கும் கோலிகளுக்கு 1, 30, 31. உடம்புக்கு எது பொருந்துகிறதோ அதுதான் பிள்ளையின் இலக்கம்.

ரெப் அணித் தேர்வில் முதல் அடி விழுந்தது. தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பின்னி தருவார்கள், இலக்கம் போட்ட மெல்லிய மேலாடை. மேலே இருந்து மதிப்பெண் போடுபவர்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, அந்த இலக்கம் மட்டுமே தெரியும். இரண்டாம் சுற்றில் மகளின் பின்னி காணவில்லை என்று மேசையில் இருந்தவர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். தாளில் இலக்கத்தை மாற்றவில்லை. அன்றிரவு வந்த பட்டியலில் மகளின் இலக்கம் இல்லை. கேட்டதற்கு, “பட்டியல் முடிவானது” என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பினார்கள்.

எங்களைக் காப்பாற்றியது அம்மம்மாவுக்கு அனுப்ப எடுத்த படங்கள். இரண்டு சுற்றிலும் மகள் பனியில் நிற்கும் படம், முதுகில் இரண்டு வேறு இலக்கங்கள். கோச்சுக்கும் பொறுப்பாளருக்கும் சேர்த்தே அனுப்பினேன். தாள்களைத் திரும்பப் பார்த்தார்கள். இரண்டாம் சுற்றின் மதிப்பெண்கள் யாருக்கும் சேராத ஓர் இலக்கத்தின் கீழ் அநாதையாகக் கிடந்தன. அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள், மகள் அணிக்குள் வந்தாள். பின்னி கைக்கு வந்தவுடன் படம் எடுங்கள். மாற்றித் தந்தால், உங்கள் கண்முன்னே தாளிலும் மாற்றச் சொல்லுங்கள். வரிசை நீளுகிறது என்று கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் ஜேர்சி. ரெப் அணிக்குப் புதிதாகத் தைக்கக் கொடுப்பார்கள், மூன்று விருப்பங்கள் கேட்டுப் படிவம் வரும். மூன்றுமே கனடாப் பெண்கள் அணி வீராங்கனைகளின் இலக்கங்கள். மகளின் முதல் விருப்பம் 29, மரீ-ஃபிலிப் பூலேனின் இலக்கம். 2010, 2014, 2018, 2022 என்று நான்கு ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளிலும் தொடர்ந்து கோல் அடித்தவர் அவர். அடுத்தது ஹேலி விக்கன்ஹைசரின் 22, மூன்றாவது நத்தலி ஸ்பூனரின் 24. மூன்றுக்கும் காரணம் எழுதி வைத்திருந்தாள், படிவத்தில் காரணம் எழுத இடமே இல்லாவிட்டாலும்.

படிவத்தின் இணைப்பு திறக்கவில்லை. மனேஜருக்கு எழுதினேன், அரீனா அலுவலகத்தில் நேரே கொடுக்கலாம் என்றார். சனிக்கிழமை காலை 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போனால், “இலக்கமெல்லாம் அணி மனேஜரின் வேலை, இங்கே எதுவும் வாங்குவதில்லை” என்று கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். நாங்கள் வீடு திரும்புவதற்குள் இணைப்பைச் சரிசெய்துவிட்டார்கள், மற்றவர்கள் நிரப்பியும் விட்டார்கள். முந்தியவருக்கே முதலிடம் என்று முதலில் சொன்னவர்கள், கடைசியில் கடந்த ஆண்டு ஆடியவர்களுக்கே முன்னுரிமை என்றார்கள். 22, 24 இரண்டும் போய்விட்டன. 29 அணியின் பழைய கோலியிடம் இருந்தது. அவளுடைய அப்பா மொன்றியல் கனேடியன்ஸ் ரசிகர், அந்த 29 கனேடியன்ஸின் முன்னாள் கோலி கென் டிரைடனுக்காக.

அந்தப் பிள்ளையிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. டிரைடனை நினைத்து 29 போடும் கோலி அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே ஆள் இருக்கும் இலக்கத்தைத் திறந்த விருப்பமாகப் படிவத்தில் காட்டியதுதான் பிழை. எடுக்கப்பட்ட இலக்கங்களின் பட்டியலை முதலே அனுப்பியிருந்தால் ஒரு பிள்ளையின் ஆசை வீணாக வளர்ந்திருக்காது. நீங்கள் படிவம் நிரப்பும் முன் அந்தப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள்.

மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்ட இலக்கம் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் கிடைத்ததில்லை என்று அவளுக்குச் சொன்னேன், ஆறுதலுக்காகச் சொன்ன பொய் இல்லை அது. வேய்ன் கிறெட்ஸ்கி 1977இல் சூ செயின்ட் மேரி அணிக்குப் போனபோது தன் ஆதர்ச வீரர் கோர்டி ஹாவின் 9ஐத்தான் கேட்டார். அது வேறொருவரிடம் இருந்ததால் கோச் சொல்லி 99 போட்டார். பொபி ஓர் என்ற வீரர் ஓஷவாவின் இளையோர் அணியில் 2 போட்டவர். பொஸ்டனில் அது பழைய வீரர் எடி ஷோரைக் கௌரவித்து, இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுக்கப்பட்ட இலக்கம். 1966 பயிற்சி முகாமில் புதியவர்களுக்குத் தருவதுபோல் 27ஐத் தந்தார்கள், பிறகுதான் 4 வந்தது. கோர்டி ஹாவே 17இல் தொடங்கியவர். இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை சின்ன இலக்கக்காரருக்கு என்பதால் 9ஐ வாங்கிக்கொண்டார். இந்தக் கதைதான் மகளுக்கு மிகவும் பிடித்தது. பூலேனின் இலக்கத்தைப் புரட்டி 92 கேட்போமா என்று அவளே சொன்னாள்.

கேட்டோம். “30க்கு மேல் தருவதில்லை” என்று பதில் வந்தது. எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டதற்கு, எப்போதும் அப்படித்தான் என்றார்கள். எங்கள் லீக்கின் விதிப் புத்தகத்தை இறக்கி, இரவு முழுக்க இருந்து படித்தேன். ஒரே அணியில் இருவருக்கு ஒரே இலக்கம் இருக்கக் கூடாது, 1 முதல் 99க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, வேறு ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்பினேன். மறுநாள் 92 உறுதியானது. மகள் சமையலறையில் குதித்த குதியில் கீழ்த்தளத்துக்காரர் மேலே வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

இன்னொன்று மிச்சம் இருந்தது, பெயர். எங்கள் குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் 17 எழுத்து. தைப்பவரின் படிவம் 12க்கு மேல் ஏற்கவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். மாதிரிப் படம் அனுப்புங்கள் என்று நான் விடாமல் கேட்டதால்தான் தைக்கும் முன் தெரியவந்தது. எட்மன்டன் அணியில் 93 போடும், நீளப் பெயர் கொண்ட நியூஜென்ட்-ஹொப்கின்ஸின் ஜேர்சிப் படத்தை அனுப்பி, தோளோடு வளைத்து, எழுத்தைச் சிறிதாக்கித் தைக்கலாமே என்று கேட்டேன். முடியும் என்றார்கள், கூடுதல் கட்டணத்தோடு. கட்டினேன். தாத்தாவின் பெயர் அது, பாதியில் நிற்க விடமுடியாது. நீளப் பெயர் உள்ள நம்மவர்கள் மாதிரிப் படம் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். உள்ளூர், வெளியூர் ஆட்டங்களுக்கு இரண்டு ஜேர்சிகள் வரும், இரண்டின் படத்தையும் கேளுங்கள்.

ஜேர்சி வந்து முதல் ஆட்டமும் முடிந்துவிட்டது. அடுத்த பருவத்துக்குப் பதியும்போது ‘திரும்பி வரும் வீராங்கனை’ என்ற பெட்டியைக் கட்டாயம் குறியுங்கள், இலக்கத்தையும் அருகிலேயே எழுதுங்கள். எங்கள் கழகத்தில் அந்தக் குறி இல்லாத இலக்கத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பழைய கோலியின் அம்மாதான் எனக்குச் சொன்னார்.