சென்னையின் பால்புதுமையர் நினைவுகளைப் பதிவுசெய்தல்: மைக்கை எடுப்பதற்கு முன்னும் பின்னும்

சென்னையில் பால்புதுமையர், அதாவது தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளும் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்), எப்படி வாழ்ந்தார்கள் என்று காகிதத்தில் தேடினால் போலீஸ் செய்தியும் வழக்குத் தாளும் எச்ஐவி திட்ட அறிக்கையும்தான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். நட்பும் காதலும் ஒன்றுகூடலும் ஆட்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அந்த நினைவுகளைக் குரலாகச் சேகரிக்கும் வேலையில் நாங்கள் கைக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறோம்.

யாரையும் சந்திக்கும் முன் ஒரு காலவரிசைத் தாள் தயாராக வேண்டும். "1994இல்" என்று யாரும் பேசுவதில்லை. "எம்ஜிஆர் செத்த வருஷம்", "சுனாமிக்கு முன்னாடி" என்றுதான் வரும். ஆகவே ஊரறிந்த நாட்களை ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: 1987 டிசம்பர் 24 எம்ஜிஆர் மறைவு, 1991 மே 21 ராஜீவ் காந்தி கொலை, 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2015 டிசம்பர் வெள்ளம். எதிர்ப்பக்கத்தில் சமூகத்தின் நாட்கள்: 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தது, 2008இல் அரவாணிகள் (திருநங்கையருக்கான அன்றைய சொல்) நலவாரியம், 2009 ஜூன் 28 மெரினாவில் முதல் வானவில் பேரணி, அதற்கு நான்கு நாள் கழித்து ஜூலை 2இல், தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377ஐத் தளர்த்திய டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு, 2013 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2014 ஏப்ரல் 15இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த நால்சா தீர்ப்பு, 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றமே 377ஐத் தளர்த்தியது. தீர்ப்பைக் கொண்டாடத்தான் மெரினாவில் நடந்தோம் என்று நினைவு இடம்மாறி வரலாம். குறுக்கே திருத்தாதீர்கள். சொன்னது சொன்னபடி இருக்கட்டும், தேதியை அடிக்குறிப்பில் சேருங்கள். 2013 டிசம்பருக்குப் பிறகு எந்தப் படத்தைக் கிழித்தீர்கள், எதை ஒளித்து வைத்தீர்கள் என்ற கேள்வி, "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்" என்பதைவிடப் பல மடங்கு தரும்.

பழைய செய்தித்தாள்களைப் புரட்டும்போது இன்றைய மரியாதைச் சொற்களை மட்டும் தேடினால் பக்கங்கள் தப்பிவிடும். அன்று அச்சான சொற்களையும், வசைச் சொற்கள் உட்பட, தேட வேண்டியிருக்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகமும் எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகமும் தொடங்க நல்ல இடங்கள். நம் விவரிப்பில் 2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலைப் பின்பற்றுகிறோம். பேசியவரின் வாக்கியத்தில் மட்டும் கைவைப்பதில்லை.

ஒப்புதல் இரண்டு கட்டம். பேசுவதற்கு முன் வாங்குவது பதிவுசெய்ய மட்டும். பேச்சை எழுத்தாக்கிய எழுத்துப்படியை அவரே படித்த பிறகு (படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு) வாங்குவதுதான் பயன்படுத்த. அதிலும் தனித்தனியாகக் கேளுங்கள்: எழுத்து மட்டுமா, குரலும் சேர்த்தா, பெயர் மாற்ற வேண்டுமா, எத்தனை வருடம் பூட்டி வைக்க வேண்டும், தன் காலத்துக்குப் பிறகு யார் முடிவு சொல்வார். பெயரை மாற்றினாலும் குரல் காட்டிக்கொடுக்கும் என்பதைச் சொல்லியே கேட்க வேண்டும். ஆதார் நகல் வாங்கவே வேண்டாம். கையெழுத்தில் பழைய பெயர் இருக்கக்கூடும் என்பதால் படிவங்கள் ஒரு பெட்டியிலும் ஒலிக்கோப்புகள் வேறிடத்திலும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் எண்பட்டியல் கடவுச்சொல் இட்ட தனி வட்டில் இருக்கும்.

திருநங்கையரிடம் போகும்போது ஜமாத்தில் (திருநங்கையர் குடும்பம்போல் சேர்ந்திருக்கும் அமைப்பு) குருவிடம் முதலில் பேசுவது முறை. ஆனால் குரு தலையசைத்தது அவருடைய சீடரான சேலாவின் சம்மதம் ஆகாது. சேலாவிடம் தனியாகக் கேட்டு, தனியாகவே பதிவுசெய்யுங்கள். அன்றைய வருமானத்தை விட்டு வருபவருக்கு அந்தத் தொகையும் போக்குவரத்துச் செலவும் பதிவு தொடங்கும் முன்பே கையில் போக வேண்டும். பின்னர் கொடுத்தால், பாதியில் நிறுத்த நினைப்பவர் பணத்துக்காகத் தொடர்வார்.

கருவி விஷயம் சுருக்கம்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. இரண்டு மைக் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். மின்விசிறியை நிறுத்த முடியாத அறையில் மைக்கைச் சட்டையில் குத்தி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்துவிடுங்கள். கைபேசியில் ஒரு மாற்றுப் பதிவு ஓடட்டும், ஆனால் அதன் தானியங்கி மேகச் சேமிப்பை முதலில் அணையுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு பகிர்ந்த கணக்கில் கோப்பு போய் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது.

மிகக் கடினமான பகுதி, அறையில் இல்லாதவர்களைக் காப்பது. முப்பது வருடம் முந்தைய காதலர் இன்று பேரன் பேத்தி எடுத்தவராக இருப்பார். பெயரை நீக்குவது போதாது. தெரு, அலுவலகம், சாதி, ஆண்டு ஆகியவற்றில் மூன்று சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். அந்தக் காலத்து ஆட்களைத் தெரியாத வெளியாளிடம் காட்டிப் பயனில்லை. பேசியவர் சம்மதித்தால், அந்தக் காலத்தைச் சேர்ந்த நம்பகமான இன்னொரு மூத்தவரிடம் அந்தப் பத்தியை மட்டும் வாசித்துக்காட்டி, யாரென்று பிடிபடுகிறதா என்று கேட்கிறோம். பிடிபட்டால் இன்னும் மங்கலாக்குவோம். இன்றும் ஆட்கள் சந்தித்துக்கொள்ளும் பூங்கா, நிலையம் எதையும் வரைபடத்தில் குறிப்பதில்லை. பணம் பறிப்பவர்களுக்கு அது வழிகாட்டியாகிவிடும்.

இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் தொகுப்பில் ஆண்களும் திருநங்கையரும் நிறைந்து, பெண்களை விரும்பிய பெண்களும் திருநம்பிகளும் காணாமல் போவார்கள். காரணம் நம் கேள்வி. "சாயங்காலம் எங்கே கூடுவீர்கள்" என்பது கடற்கரையில் இரவு தனியாக நிற்க முடிந்தவர்களுக்கான கேள்வி. அதை விட்டுவிட்டு, "இரண்டு பேர் மட்டும் பேச இடம் எப்படிக் கிடைத்தது?" என்று கேளுங்கள். விடுதி அறை, தட்டச்சு வகுப்பு, தோழியின் பெயரில் வந்த கடிதம், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்ட தந்திரம் என்று இன்னொரு சென்னை திறக்கும். இவர்களுக்கு நேரம் ஒதுக்குவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

பதிவின் பிரதியைக் கொடுக்கும் முன், வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். முடியாதென்றால் நம்மிடமே இருக்கட்டும், அவர் வேண்டும்போது வந்து கேட்கலாம். பிரதியைப் போட்டுத் தரும் உறையின் மேல் பேசியவரின் பெயர் தெரியக்கூடாது. நம்மிடம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். வருடம் ஒருமுறை எல்லா வட்டுகளையும் திறந்து கோப்புகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அதே வாரத்தில் ஒவ்வொருவரையும் அழைத்து, முன்பு சொன்ன சம்மதம் இன்றும் செல்லுமா என்று கேளுங்கள். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், எனவே முதல் நாளிலேயே இன்னொருவரின் தொடர்பையும், அவரிடம் என்ன காரணம் சொல்லி விசாரிக்கலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.