ஊசிக்கு அப்புறம்: மதுரை புதூர் நாட்குறிப்பு

2021 மார்ச் 4, வியாழன்

போட்டாச்சு. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கொரோனாத் தடுப்பூசி, கோவிஷீல்டு முதல் டோஸ். அறுபது வயது தாண்டியவர்களுக்குப் போன திங்கட்கிழமைதான் ஆரம்பித்தார்கள், மகள் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஊசிக்குப் பதிகிற கோவின் தளத்தில் எங்கள் பெயரைப் பதியப் பார்க்கிறாள், ஓடிபி என் போனுக்கு வருகிறது, நான் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கடைசியில் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஊசி போடும் இடத்துக்கு நேராகவே போய்விட்டோம், அங்கேயே பதிந்துகொண்டார்கள்.

அங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கிறது, திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வந்திருந்தது ஏழு பேர். நர்ஸ் பொண்ணு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது, மறுபடி வந்தது. "தெருவுல தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லுங்கம்மா"ன்னு கேட்டது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், போன் போடுவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும். அரை மணியில் எங்கள் தெருவில் இருந்து மூன்று பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் யாரும் ஊசி வேண்டாம் என்று வீட்டில் இருந்தவர்கள் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 5, வெள்ளி

ராத்திரி எனக்கு நல்ல காய்ச்சல், குளிர், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன், மதியத்துக்கு மேல் தேவலை. அவருக்கு 71 வயது, சர்க்கரை வேறு, ஆனால் ஒன்றுமே இல்லை, காலையில் எழுந்து பால் வாங்கி வந்துவிட்டார். இப்போது அவருக்கு ஒரே கவலை, "எனக்கு மருந்து பிடிக்கலையோ?" டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். வயது ஏற ஏறக் காய்ச்சல், வலி எல்லாம் குறைவாகத்தான் வருமாம், காய்ச்சல் வரவில்லை என்பதால் எதிர்ப்புச் சக்தி வரவில்லை என்று ஆகாதாம். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள், இந்தக் கவலை நிறையப் பேருக்கு இருக்கிறது.

மார்ச் 26, வெள்ளி

இரண்டாவது டோஸ் 28 நாளில் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது கோவிஷீல்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் என்று மாற்றிவிட்டார்கள். இடைவெளி கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று காரணம் சொல்கிறார்கள், சரி, காத்திருப்போம்.

ஒரு போன் நம்பரில் நான்கு பேரைப் பதியலாம். எங்கள் இரண்டு பேர் போக மீதி இரண்டு இடத்தில் மாடி வீட்டு ஐயாவையும் எதிர்வீட்டு அக்காவையும் சேர்த்திருக்கிறேன். அக்காவுக்கு 78 வயது. தனியாகத்தான் இருக்கிறார், மகன் மஸ்கட்டில். "தேர்தல் முடியட்டும், சித்திரை பிறக்கட்டும், போட்டுக்கிறேன் தங்கச்சி" என்றார்.

ஏப்ரல் 17, சனி

காலையில் டிவியைப் போட்டால் நடிகர் விவேக் போய்விட்டார். 59 வயது. நம்ம அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், ஊரெல்லாம் மரம் நட்டவர். நேற்று முன்தினம்தான் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று மாரடைப்பு, இன்று விடியற்காலையில் உயிர் போய்விட்டது.

இடது பக்க ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு அடைப்பு ஒரே நாளில் ஊசியால் வருமா என்று யோசித்தால் யாருக்கும் புரியும். ஆனால் துக்கத்தில் இருக்கிற நேரத்தில் யார் யோசிப்பார்கள்? எதிர்வீட்டு அக்காவுக்கு அடுத்த வாரம் போவதாகப் பேச்சு. மத்தியானம் வாசலுக்கு வந்து, "நான் போடலம்மா, என்னைக் கேக்காத" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாதாடவில்லை. எனக்கும் இன்று முழுக்க அழுகையாகவே இருந்தது.

மே 14, வெள்ளி

பத்தாம் தேதியில் இருந்து முழு ஊரடங்கு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத மணி நேரமே இல்லை. ஏப்ரல் கடைசியில் எங்கள் இரண்டாவது டோஸுக்குப் போன இடங்களில் எல்லாம் மருந்து தீர்ந்திருந்தது, நேற்று பார்த்தால் இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று மறுபடி மாற்றிவிட்டார்கள். இனி மாதக் கடைசிக்கு மேல்தான்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இவரோடு தினமும் நடந்த நண்பர் செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். 69 வயது. ஊசி வேண்டாம் என்றவர் இல்லை. முழங்கால் வலி, வரிசையில் நிற்க முடியாது, பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறோம் என்றார்கள், அந்த ஞாயிறு தள்ளிக்கொண்டே போனது. யாரையும் குறை சொல்லும் நேரம் இல்லை இது. அவர் உடம்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, தத்தனேரி சுடுகாட்டில் இரண்டு பேர் மட்டும் நின்றார்களாம். என் வீட்டுக்காரர் அந்த நண்பரின் நம்பரைப் போனில் இருந்து அழிக்காமல் வைத்திருக்கிறார், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 16, புதன்

இரண்டாவது டோஸும் முடிந்தது. காலை ஆறு மணிக்கே டோக்கன் கொடுக்கும் இடத்தில் போய் நின்றோம். வரிசையில் வயதானவர்களுக்கு முன்னுரிமை என்று எழுதிப் போட்டிருந்தார்கள், ஆனால் உட்கார நிழல் இல்லை. கைத்தடியோடு வந்திருந்த ஒரு தாத்தா இரண்டு தடவை தடுமாறினார், பக்கத்துப் பையன் ஒருவன் தன் பைக்கில் அவரை உட்கார வைத்தான். முகாம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள், வயதானவர்களுக்கு முதலில் வேண்டியது நாற்காலியும் கழிப்பறையும். மருந்து அதற்கு அப்புறம். கழிப்பறை இல்லாத இடத்துக்கு எத்தனை அம்மாக்கள் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் தெரியுமா, சர்க்கரைக்காரர்கள், பிரஷர்க்காரர்கள், அப்படி வந்து மயங்கினால் அந்தப் பழியும் ஊசி மேல்தான் விழும்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ஊசிக்கு அப்புறம் என்ன என்று யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

ஒன்றரை வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்து என் வீட்டுக்காரரின் கால் தளர்ந்துவிட்டது. முன்பு ரேஸ்கோர்ஸில் நான்கு சுற்று நடந்தவர், இன்று தெருமுனைக் கடைக்குப் போய் வந்து திண்ணையில் மூச்சு வாங்கினார். சர்க்கரை ஏறியிருக்கிறது. இடது கண் புரைக்குப் போன வருஷம் ஏப்ரலில் செய்ய வேண்டிய ஆபரேஷன் அப்படியே நிற்கிறது, மங்கலான கண்ணோடு படி இறங்கப் பயம், பயத்தில் இன்னும் நடப்பதில்லை. மாடி வீட்டு ஐயாவுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. கேட்டதையே மறுபடி கேட்கிறார்.

பிள்ளைகள் போன் போட்டு, "வெளிய போகாதீங்க, வீட்டுலயே இருங்க" என்கிறார்கள். பாசம்தான், புரிகிறது. ஆனால் இரண்டு டோஸ் போட்டது மறுபடி நடக்கத்தானே? கூட்டத்துக்குள் போக வேண்டாம், முகக்கவசம் போடலாம், காலையில் ஆள் இல்லாத நேரத்தில் திறந்தவெளியில் நடந்தால் என்ன ஆகிவிடும்? வயதானவர் ஒரு வாரம் படுத்தாலே தொடைச் சதை கரைகிறது, அதைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகிறது, அதற்குள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எந்த ஊசி காப்பாற்றும்?

நாளையில் இருந்து காலை ஆறரைக்கு நாங்கள் இருவரும் மாடி வீட்டு ஐயாவும் தெருவின் இந்த முனையில் இருந்து அந்த முனைவரை. அவ்வளவு போதும் இப்போதைக்கு.

செப்டம்பர் 12, ஞாயிறு

எதிர்வீட்டு அக்கா இன்று ஊசி போட்டுக்கொண்டார்!

தமிழ்நாடு முழுக்க இன்று 40,000 இடங்களில் முகாம். ஒன்று எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில். நேற்று சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினேன். தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்கள் லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், இரண்டாவது அலையில் ஒரு டோஸ் போட்டவர்களிடம் சாவு 82 சதவீதமும் இரண்டு டோஸ் போட்டவர்களிடம் 95 சதவீதமும் குறைந்திருந்தது என்று ஜூனில் வந்த ஆய்வைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "அது சரிம்மா, ராத்திரி காய்ச்சல் வந்தா யாரு இருக்கா எனக்கு?" என்றார்.

ஐந்து மாதமாக நாங்கள் எல்லாரும் விவேக் சாவுதான் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தோம், அக்காவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது இந்தக் கேள்வி. ராத்திரி நான் வந்து படுத்துக்கொள்கிறேன் அக்கா என்றேன், உடனே, "அப்ப எந்தச் சேலை கட்டிக்கிட்டு வர?" என்று கேட்டார், கை முட்டிக்கு மேலே துணி ஏற வேண்டுமே என்று யோசனை. இதை அக்கா வீட்டுக் கூடத்தில் இருந்துதான் எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மாநிலம் முழுக்க இன்று ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள்.

2022 ஜனவரி 20, வியாழன்

ஒமிக்ரான் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போனது. முதலில் எனக்குத் தொண்டை வலி, இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல், இருமல். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி மாட்டிப் பார்த்தோம், 96க்குக் கீழே போகவில்லை. அவருடைய நண்பர் போன வருஷம் பட்ட பாட்டை நினைத்து அவர் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தார். இன்று ரசம் சாதம் கேட்டார். 72 வயது, சர்க்கரை, இரண்டு டோஸ், ரசம் சாதம். இதற்கு மேல் எனக்கு எந்த ஆதாரமும் வேண்டாம்.

கொரோனாக் காய்ச்சலில் படுத்த எங்களுக்கு வாசலில் கஞ்சி வைத்துவிட்டுப் போனது எதிர்வீட்டு அக்கா. இரண்டாவது டோஸும் டிசம்பரில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 19, சனி

மூன்றாவது ஊசி, 'முன்னெச்சரிக்கை டோஸ்' என்று பெயர். இரண்டாவது போட்டு ஒன்பது மாதம் முடிந்திருக்க வேண்டும். ஜனவரியில் இணைநோய் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்தார்கள், இந்தப் புதன்கிழமை முதல் அறுபது தாண்டிய எல்லாருக்கும். இன்று போய்ப் போட்டுக்கொண்டோம். கூட்டமே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. முதல் டோஸுக்கு அடித்துப் பிடித்து நின்ற பிள்ளைகள் அப்பா அம்மாவின் மூன்றாவது டோஸை மறந்துவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நாள் ஆக ஆக எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் இறங்குகிறது, அவர்களுக்குத்தான் இது முக்கியம்.

அவருக்குக் கண் ஆபரேஷன் போன மாதம் முடிந்தது. பேப்பர் படிக்கிறார், சத்தமாக.

ஏப்ரல் 18, திங்கள்

இரண்டு வருஷம் ஆள் இல்லாமல் நடந்த சித்திரைத் திருவிழா இந்த வருஷம் ஊரைக் கூட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை கள்ளழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அழகர் புதூர் வழியாகத்தானே வருகிறார், தெருப் பெரியவர்கள் எல்லாரையும் முன்னாலேயே மெயின் ரோட்டில் ஒரு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அக்கா ஆகஸ்டில் வாசல்படி இறங்க மாட்டேன் என்றவர், அவ்வளவு தூரமும் நடந்தே வந்தார், இடையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை அழகர் இறங்கும் வைகை ஆற்றுக்குள் கூட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். கேட்டதில் இருந்து மனசு சரியில்லை. வயதானவர்களை அந்த நெரிசலுக்குள் கூட்டிப் போகாதீர்கள். அழகர் நின்று போகும் மண்டகப்படியிலோ ரோட்டோரத்திலோ உட்கார்ந்து பார்க்கலாம், அழகர் அங்கேயும் வருகிறார்.

காலை நடைக் கூட்டம் இப்போது பதினொரு பேர் ஆகிவிட்டது, தெரு போதவில்லை, அடுத்த வாரம் முதல் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கத் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம். அக்காவின் மூன்றாவது டோஸ் செப்டம்பரில்தான் வரும், காலண்டரில் குறித்தாயிற்று. மாடி வீட்டு ஐயாவை வியாழக்கிழமை மறதிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், மகன் லீவு போட முடியாது என்றான், பரவாயில்லை. புதூர்ப் பக்கம் தனியாக இருக்கிற பெரியவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் முதல் டோஸே போடாதவர்களாக இருந்தாலும் சரி, நடக்க ஆள் தேடுகிறவர்களாக இருந்தாலும் சரி. ஆறரைக்கு வாசலில் இருப்போம்.