15 நொடிச் சுற்றும் கணினிக் கடிகாரமும்

அமெச்சூர் வானொலியில், கணினியின் துணையோடு குறுஞ்செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 (FT8) என்னும் டிஜிட்டல் முறையில் இயங்கும் நிலையங்கள் எல்லாம் ஒவ்வொரு நிமிடத்தையும் நான்கு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்கின்றன. 0, 15, 30, 45 ஆகிய நொடிகளில் சுற்று தொடங்குகிறது. அதிலிருந்து அரை நொடி கழித்துச் சிக்னல் புறப்பட்டு 12.64 நொடிகள் நீடிக்கிறது. எஞ்சியிருக்கும் இரண்டு நொடிக்கும் குறைவான இடைவெளியில், எதிர்முனையின் மென்பொருள் வந்த செய்தியைப் பிரித்துப் படித்து, அடுத்த சுற்றில் அனுப்ப வேண்டிய விடையை ஆயத்தம் செய்தாக வேண்டும். இதில் ஒரு நிலையம் மற்றொன்றுக்கு ‘இதோ தொடங்குகிறேன்’ என்று முன்னறிவிப்பு எதையும் தருவதில்லை. இரு கணினிகளும் தத்தம் அளவில் உலகப் பொது நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கையே அவற்றுக்கு இடையிலான ஒரே உடன்பாடு. ஆகவே டிஜிட்டல் முறைகளில் இயங்குபவர் ஆன்டெனாவுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது கடிகாரத்துக்கும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த முறையை 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கி வெளியிட்டார்கள். டெய்லர், ரசல் ஹல்சுடன் சேர்ந்து 1974-இல் இரட்டை விண்மீன் அமைப்பிலுள்ள ஒரு பல்சரை (சீரான வானொலித் துடிப்புகளை அனுப்பும் விண்மீன் எச்சத்தை) முதன்முதலில் கண்டறிந்து, அதற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற வானியலாளர். இரைச்சலில் புதைந்த துடிப்புகள் எந்தக் கணத்தில் வந்து சேர்கின்றன என்பதைத் துல்லியமான கடிகாரங்களோடு ஒப்பிட்டு அளப்பதே பல்சர் ஆய்வின் உயிர்நாடி. அந்தப் பயிற்சியின் சாயலை எஃப்டி8-இன் அமைப்பில் என்னால் காண முடிகிறது. ஒரு சிக்னல் எப்போது தொடங்கும் என்பது முன்கூட்டியே ஏறத்தாழத் தெரிந்தால், அதைத் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். ஒரு செய்தியில் அடங்கிய 79 குறியீடுகளில் 21, முதலிலும் நடுவிலும் முடிவிலும் ஏழேழாக வைக்கப்பட்டுள்ள ஒத்திசைவுக் குறிகள். மென்பொருள் முதலில் தேடுவது இவற்றைத்தான். 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலைவிட ஏறத்தாழ 20 டெசிபெல் கீழே இருக்கும் சிக்னலைக்கூடப் படிக்க முடிவதற்கு, வலுவான பிழைதிருத்தக் குறியீட்டோடு இந்த நேர ஒழுங்கும் ஒரு காரணம்.

பிழைக்கு இடமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. முன்பின்னாக ஏறத்தாழ 2 நொடி வரையிலான விலகலை எஃப்டி8 பொறுத்துக்கொள்ளும். 7.5 நொடிச் சுற்றில் ஓடும், இதே குடும்பத்தின் வேகமான முறையான எஃப்டி4-இல் அந்தச் சலுகை அதைவிடக் குறைவு. ஆனால் அந்த எல்லை வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணுவது நல்லதல்ல. உங்கள் கடிகாரம் 2 நொடி பின்தங்கியிருந்தால் உங்கள் சிக்னலின் வால் அடுத்த சுற்றுக்குள் நீளும்; பிறருடைய சிக்னலின் தலைப்பகுதியோ உங்கள் பதிவில் விழாமலே போகும். எதிர்முனையின் கடிகாரத்தில் இதற்கு எதிர்த்திசையில் பிழை இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். எனவே அரை நொடிக்குள் இருப்பது போதுமானது, கால் நொடிக்குள் இருப்பது நன்று. அதற்கும் கீழே மில்லிநொடிகளைத் துரத்துவதால் எஃப்டி8-க்குப் பயனில்லை.

அரை நொடி என்பது எளிதாகத்தான் தோன்றும். தாய்ப்பலகையில் நாணய வடிவ மின்கலத்தால் ஓடும் கடிகாரத்தில் இருப்பது பெரும்பாலும் 32,768 ஹெர்ட்ஸில் அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது அத்தகைய படிகத்துக்கு இயல்பான அளவு. அதுவே ஒரு நாளில் 1.7 நொடிக்கு மேலாகிவிடும். வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய அளவிலிருந்து ஏறினாலும் இறங்கினாலும் இந்த வகைப் படிகம் மெதுவாகவே அதிரும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இயங்குதளம் வேறொரு படிகத்தின் துடிப்பை எண்ணித் தனக்கென ஒரு நேரத்தை வைத்துக்கொள்கிறது. அதற்கும் இதே வகையான குறைகள் உண்டு. காலையில் சரியாக வைத்த நேரம் மறுநாள் காலையில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடிகாரத்தை ஒரு முறை திருத்துவது ஒன்று, இடையறாமல் திருத்திக்கொண்டிருப்பது வேறொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அந்த வேலையைச் செய்வதற்கென்றே இருப்பது என்டிபி என்னும் பிணைய நேர நெறிமுறை. டேவிட் மில்ஸ் வடிவமைத்த இதன் முதல் விவரக்குறிப்பு 1985-இல் வெளியானது. உங்கள் கணினி வினாவை அனுப்பிய நேரம், சேவையகம் அதைப் பெற்ற நேரம், விடை அனுப்பிய நேரம், அந்த விடை உங்களை அடைந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு அது விலகலைக் கணக்கிடுகிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சம நேரம் ஆகிறது என்பது இக்கணக்கின் அடிப்படை. போக 20 மில்லிநொடியும் வர 100 மில்லிநொடியும் ஆனால், வேறுபாட்டில் பாதியான 40 மில்லிநொடி பிழையாகத் தங்கிவிடும். கைபேசி வழி இணையத்தில் இத்தகைய ஏற்றத்தாழ்வு சாதாரணம். ஆனாலும் நம் தேவைக்கு அது பொருட்டல்ல. என்டிபியின் சிறப்பு, தொடர்ந்து வினவுவதன் மூலம் உங்கள் படிகம் எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாக ஓடுகிறது என்பதையே கற்றுக்கொண்டு, நேரத்தைத் துள்ளவிடாமல் சிறிது சிறிதாக இழுத்துச் சரிசெய்வதில் இருக்கிறது.

விண்டோஸில் தானாகவே அமைந்திருக்கும் நேரச் சேவை, தனிக் கணினிகளில் நெடுங்காலமாக வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சரிபார்க்கும்படியே விடப்பட்டிருந்தது. நாளுக்கு ஒன்றே முக்கால் நொடி நகரும் கடிகாரத்துக்கு வாரம் ஒரு முறை என்பது எவ்வகையிலும் போதாது. அதனால்தான் பலர் மைன்பெர்க் நிறுவனத்தின் என்டிபி நிரலையோ வேறொரு நேரத் திருத்தியையோ நிறுவுகிறார்கள். லினக்ஸில் க்ரோனி என்ற என்டிபி நிரல் எனக்குப் பிடித்தமானது. தூங்கி விழிக்கும் மடிக்கணினிகளிலும் விட்டுவிட்டுக் கிடைக்கும் இணையத்திலும் அது விரைவாக நிலைக்கு வந்துவிடும். எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டுமே ஓடவிடுங்கள். இரண்டு நிரல்கள் ஒரே கடிகாரத்தைத் திருத்த முயன்றால், ஒன்று இழுத்ததை மற்றொன்று தள்ளி, நேரம் நிலைகொள்ளாமல் அலையும்.

கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதை அறிய, எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் (WSJT-X) மென்பொருளின் டிடி (DT) என்ற பத்தியைவிட நல்ல சாட்சி இல்லை. ஒவ்வொரு சிக்னலும் எதிர்பார்த்த கணத்திலிருந்து எத்தனை நொடி விலகி வந்தது என்பதை அது காட்டுகிறது. ஒரே ஒரு நிலையம் 1.4 என்று காட்டி, மற்றவை எல்லாம் 0.1, 0.2 என்று இருந்தால் பிழை அந்த நிலையத்தில் இருக்கிறது. எல்லா நிலையங்களும் 1.4-ஐ ஒட்டியே இருந்தால் பிழை நம்மிடம் இருக்கிறது. மதிப்பு நேர்மமாக இருந்தால், சிக்னல்கள் தாமதமாக வருவதாக நம் கணினி நினைக்கிறது என்று பொருள். அதாவது நம் கடிகாரம் முந்தி ஓடுகிறது. தொலைவு இதற்குக் காரணமாகாது. பூமியின் மறுபக்கத்திலிருந்து 20,000 கிலோமீட்டர் கடந்து வரும் அலைக்கும் ஏறத்தாழ 67 மில்லிநொடிதான் ஆகிறது. நிலவில் எதிரொலித்துத் திரும்பும் சிக்னல்கள் மட்டும் இதற்கு விலக்கு. போய் மீள ஏறத்தாழ இரண்டரை நொடி ஆவதால், அதற்கான முறைகளில் அவ்வளவு டிடி வருவதே சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா நிலையங்களும் தாமதமாகத் தெரிவதற்குக் கடிகாரம் மட்டுமே காரணம் அன்று. ஒலி, மென்பொருள் வானொலியின் இடையகங்களையும் (ஒலியைச் சற்றுத் தேக்கிவைக்கும் நினைவிடங்கள்) மெய்நிகர் ஒலிக் கம்பிகளையும் (நிரல்களுக்கு இடையே ஒலியைக் கடத்தும் மென்பொருள்கள்) கடந்து வரும்போது தாமதம் சேரும். தொலைவிலுள்ள ஏற்பியை இணையம் வழியாகக் கேட்டால் அது ஒரு நொடியைக்கூடத் தாண்டலாம். அந்நிலையில் டிடியைச் சுழியமாக்குவதற்காகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால், பெறுவது அழகாகத் தோன்றும், அனுப்புவதோ அவ்வளவுக்கு அவ்வளவு தாமதமாகும். கடிகாரத்தை என்டிபியிடம் விட்டுவிட்டு, ஒலிப்பாதையின் தாமதத்தை அதன் இடத்திலேயே குறைப்பதுதான் முறை.

டிடிக்குப் புலப்படாத பிழையும் ஒன்று உண்டு. அது 15 நொடிச் சுற்றுக்குள் மட்டுமே அளக்கிறது. கடிகாரம் மிகச்சரியாக 30 நொடியோ ஒரு மணி நேரமோ தவறாக இருந்தாலும் டிடி சுழியமாகவே தெரியும், தொடர்புகளும் தடையின்றி நடக்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றி இயக்குபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்றும் லினக்ஸ் பொது நேரம் என்றும் எடுத்துக்கொள்வதே அதன் காரணம். விளைவு, தொடர்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்தான் தெரியவரும். இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டுத் தொடர்புகளை உறுதிசெய்யும் எல்ஓடிடபிள்யூ (LoTW) இணையதளத்தில் இரு தரப்பு நேரங்களும் 30 நிமிடத்துக்குள் ஒத்திருந்தால்தான் தொடர்பு உறுதியாகும்; மணிக்கணக்கில் தவறிய பதிவுகள் துணையின்றிக் கிடக்கும்.

இணையம் எட்டாத இடத்தில் இயங்கும்போது ஜிபிஎஸ் முதல் துணை. யுஎஸ்பி வழியாக இணையும் சிறு கருவிகள் தரும் நேர வரிகள் சில நூறு மில்லிநொடி பிந்தி வரக்கூடும். அந்தத் தாமதம் பெரும்பாலும் மாறாதது என்பதால் ஒரு முறை அளந்து ஈடுசெய்துவிடலாம். நொடிக்கொரு துடிப்பு தரும் தனிக் கம்பி உள்ள கருவியானால் மைக்ரோநொடி அளவுக்கே இறங்கலாம், ஆனால் எஃப்டி8-க்கு அது தேவையில்லை. நெடுநாள் அணைந்து கிடந்த பழைய ஏற்பியை மட்டும் உடனே நம்பிவிட வேண்டாம். ஜிபிஎஸ் நேரம் 2017 முதல் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தியிருக்கிறது. அந்த எண்ணை ஏற்பி செயற்கைக்கோளிடமிருந்து பெற 12 நிமிடத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை தன்னிடம் சேமித்துள்ள 16 என்ற பழைய எண்ணைக் கொண்டு அது கணக்கிட்டால், காட்டும் நேரம் 2 நொடி முந்தியிருக்கும்.

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கடிகாரமே இல்லை. டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரச் சில்லைப் பொருத்துவது இதற்கு மிகச்சிறந்த தீர்வு. வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அதன் பிழை 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் அடங்கும். அதாவது நாளொன்றுக்கு 0.17 நொடி. புறப்படும்முன் சரிசெய்தால் இரண்டு நாள் கள இயக்கம் முழுவதும் அரை நொடிக்குள் நிற்கலாம்.

இவை எதுவுமே இல்லாதபோது, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் டபிள்யூடபிள்யூவி போன்ற நேர நிலையத்தின் நிமிடத் தொனியைக் கேட்டுக் கையால் நேரத்தை வைக்கலாம். கவனமாகச் செய்தால் கால் நொடிக்குள் வரும். அதுவும் கேட்கவில்லையென்றால், பல நிலையங்களின் டிடியை வரிசைப்படுத்தி நடுமதிப்பு எடுத்து அவ்வளவுக்குக் கடிகாரத்தை நகர்த்தலாம். சராசரியை எடுக்க வேண்டாம். பெருமளவு விலகிய ஓரிரு நிலையங்கள் அதைக் கெடுத்துவிடும். இது அவசரத்துக்கான வழி மட்டுமே. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து நேரம் வைக்கத் தொடங்கினால் பொது நேரத்திலிருந்து மொத்தக் கூட்டமும் விலகிவிடும் என்பதால், இணையம் கிடைத்த உடனே கடிகாரத்தை மீண்டும் என்டிபியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.