அரிசிமா யாவாரமும் கடைகளுக்குள்ள நிண்ட காசும்

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில எங்கட வீட்டோட சேர்ந்த கொட்டில்ல சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் செஞ்சு பேக்கட் போட்டு கடைகளுக்குக் குடுக்கிறன். தொடங்கி அஞ்சு வருசம் தாண்டிட்டு, தெரிஞ்ச தங்கச்சிமார் கன பேர் "அக்கா நாங்களும் செய்யப்போறம், எவ்வளவு முதல் வேணும்" எண்டு கேக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்ல ஏலாம இருக்கு, அதான் ஒரேயடியா எழுதுறன். என்னைக் கேட்டா முதல் போடுறதை விட போட்ட முதல் திரும்பக் கைக்கு வாறதுதான் பெரிய பாடு, அதை எனக்கு ஆரும் முன்னுக்குச் சொல்லித் தரல்ல.

2020 மார்ச்சில ஊரடங்கு போட்டதோட என்ட வீட்டுக்காரருக்கு மேசன் வேலை நிண்டு போச்சு. வீட்டுல அரிசி கிடந்திச்சு, மில்லும் பூட்டு, மாமி பழைய உரலைக் கழுவி எடுத்து அரிசிய ஊறப்போட்டு இடிச்சு தாச்சியில வறுத்தா. வறுத்த மா பதமா வந்திட்டா எண்டு பாக்க கையில அள்ளி கோலம் போடுற மாதிரி விட்டுப் பாப்பா, இழை அறாம விழுந்தாத்தான் இறக்குவா. பக்கத்து வீட்டு ஆக்கள் மணத்துக்கே வந்து கேட்டாங்க, ரெண்டு கிலோ குடுத்தம், நாலு கிலோ குடுத்தம், மறுகா பார்த்தா கிழமைக்கு முப்பது கிலோ போகுது. அப்பதான் இதை யாவாரமாச் செஞ்சா என்ன எண்டு யோசிச்சன்.

பதிவு வேலை ஆக்கள் பயப்படுற அளவுக்கு இல்ல. தனி ஆளா செய்யிறதெண்டா பிரதேச செயலகத்துலயே வியாபாரப் பெயர் பதிவு செய்யலாம், கம்பெனியா பதியிறதெண்டாத்தான் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்க கம்பெனிச் சட்டத்தின்படி கம்பெனிப் பதிவாளர்ட்ட போகவேணும், நமக்கு தொடக்கத்துல அது தேவையில்ல. நான் மூணு தரம் அலைஞ்சன், அது என்ட பிழை, வீடு மாமிட பேர்ல இருக்கு, அவட சம்மதக் கடிதம் கொண்டுபோகல்ல. ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், ஐ.டி. கொப்பி, இடத்துக்கான உறுதிப் பத்திரம் இல்லாட்டி சம்மதக் கடிதம், சாப்பாட்டுச் சாமான் எண்டா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சிபாரிசு, இவ்வளவையும் ஒரு பைலுக்குள்ள போட்டுக்கொண்டு போங்க. பி.எச்.ஐ. ஐயா வந்து பாத்திட்டு சமைக்கிற குசினியிலயே மா வறுக்கக்கூடாது, தனி இடம் வேணும், ஜன்னலுக்கு வலை அடிக்கவேணும், கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணவேணும் எண்டார். எனக்கு அண்டைக்கு அழுகை வந்திச்சு, ஆனா அவர் சொன்னதுல ஒண்டுகூட வீண் இல்ல. அந்தக் கொட்டில் அப்பிடித்தான் வந்திச்சு, என்ட வீட்டுக்காரரே கல்லு வச்சு கட்டினார்.

தராசை மறந்திராதீங்க, சாமான் நிறுத்து விக்கிற தராசுக்கு வருசா வருசம் அளவை நிறுவைக்காரர்ட்ட முத்திரை குத்தவேணும். லேபல் அடிக்கக்குள்ள சாமான்ட பேர் மூணு பாசையிலயும், நிறை, விலை, செஞ்ச திகதி, முடிவுத் திகதி, தொகுதி நம்பர், விலாசம் எல்லாம் இருக்கவேணும். நான் முதல் தரம் தொகுதி நம்பர் இல்லாம 1,000 லேபல் அடிச்சு ஒவ்வொண்டுலயும் பேனையால எழுதினன்.

அந்த நம்பர் எவ்வளவு பெறுமதி எண்டு அந்த வருச மாரியிலதான் விளங்கிச்சு. கார்த்திகை மாசம், விடாத மழை, ஓடர் கூட, அவசரத்துல வறுத்த மாவை முழுசா ஆறவிடாம பேக்கட் போட்டு சீல் பண்ணிட்டம். சூட்டோட மூடினா உள்ள ஆவி பிடிச்சு வேர்க்கும், அந்த ஈரம் மாவுலதான் இறங்கும். பத்து நாளைக்குள்ள ஒரு கடையிலயிருந்து போன், "தங்கச்சி மா கட்டி பிடிச்சு மணக்குது". எந்த நாள் செஞ்ச மா எண்டு நம்பர்ல பாத்து, அந்த நாள் போன 64 பேக்கட்டுல கடைகள்ல கிடந்ததெல்லாத்தையும், நல்லா இருந்ததையும் சேர்த்து, பஸ்ஸுல போய் பொறுக்கி எடுத்தன். எடுக்க ஏலாம ஏழு பேக்கட் வித்துப் போயிருந்திச்சு, அந்த ஏழும் ஆர்ட வீட்டுக்குப் போச்சோ எண்டு இண்டைக்கும் மனசுல கிடக்குது. இப்ப ஒரு ராத்திரி முழுக்க வெள்ளைத்துணி போட்டு ஆறவிடாம ஒரு பேக்கட்கூட சீல் பண்ணுறதில்ல.

இனி கணக்கு. 2021 தொடக்கத்துல 500 கிராம் பேக்கட்ட கடைக்கு 75 ரூபாக்குக் குடுத்தன், நல்லா போகுது எண்டு சந்தோசம். 10 கிலோ அரிசி ஊறவச்சு அரைச்சு வறுத்து அரிச்சா கைக்கு வாறது 9 கிலோ கிட்டத்தான், வறுக்கக்குள்ள ஈரம் போகும், அரிதட்டுல கப்பி நிக்கும். இதை நான் கணக்குல எடுக்கவே இல்ல. ஒரு நாள் ராத்திரி இருந்து எழுதினன், ஒரு பேக்கட்டுக்கு அரிசி 56, மில்லுக்கு 5, பையும் லேபலும் 6, மிச்சம் 8 ரூபா. ஒரு நாளைக்கு 40 பேக்கட், 320 ரூபா, அதுக்குள்ளதான் விறகு, பஸ் காசு, மாமிட கை, என்ட கை எல்லாம். மாமி அடுப்படியில நாலு மணித்தியாலம் நிக்கிறா, அவக்கு நான் குடுத்தது ஒண்டுமில்ல.

இதை விடப் பெரிய அடி கடைக் கொப்பியில இருந்திச்சு. செட்டிபாளையத்துல இருந்து கல்முனை வரைக்கும் 34 கடைக்குப் போட்டிருந்தன், எல்லாம் கடன், "அடுத்த முறை வாங்க தங்கச்சி" எண்டுவாங்க, அடுத்த முறை போனா பாதிக் காசு தந்து இன்னும் 50 பேக்கட் வாங்குவாங்க. கூட்டிப் பாத்தா வெளியில 112,000 ரூபா நிக்குது, என்ட கையில 3,000. அரிசி எடுக்க காப்பை அடகு வச்சன். யாவாரம் கூடக்கூட காப்பு, மறுகா சங்கிலி எண்டு போகுது, ஊர்ல எல்லாரும் நான் முன்னேறிட்டன் எண்டு கதைக்கிறாங்க. அந்த நேரம் கிழமைக் கடன் குடுக்கிற ஆக்களும் வீட்டு வாசலுக்கு வந்தாங்க, கையெழுத்து வச்சிருந்தா நான் இண்டைக்கு இதை எழுத இருந்திருக்க மாட்டன், எங்கட பக்கம் அதுல விழுந்து எழும்ப ஏலாம போன பொம்புளையள நான் கண்ணால கண்டிருக்கன்.

காத்தான்குடியில ஒரு பலசரக்குக் கடை நானாதான் (நானா எண்டா அண்ணன் மாதிரி) என்ட கண்ணைத் திறந்தவர். கொப்பியப் பாத்திட்டு, "தங்கச்சி நீங்க மா விக்கல்ல, இந்த முப்பத்திநாலு பேருக்கும் உங்கட காசைக் குடுத்து வச்சிருக்கீங்க" எண்டார். எந்தக் கடையா இருந்தாலும் முதல்ல 10 பேக்கட் மட்டும் போடுங்க, அந்தப் பத்துட காசு கைக்கு வந்தாத்தான் அடுத்த பத்து, பில்லுக்குப் பில், எவ்வளவு கெஞ்சினாலும் கூட வைக்காதீங்க எண்டு சொல்லி, தன்ட கடையிலயே அப்பிடித் தொடங்கச் சொன்னார். நான் அப்பிடியே செஞ்சன். சில கடைக்காரர் கோவிச்சாங்க, ஒருத்தர் "பெரிய முதலாளி ஆகிட்டா" எண்டு ஆக்களுக்கு முன்னால சொன்னார், 34 கடை 11 ஆச்சு. ரெண்டு மாசம் விற்பனை பாதியாக் குறைஞ்சிது, மூணாவது மாசம் காப்பை மீட்டன்.

கையில காசு நிண்டதாலதான் 2022ல தப்பினம். அதுக்கு முதல் வருசம் அரசாங்கம் இரசாயனப் பசளைய நிப்பாட்டினதால பெரும்போக விளைச்சல் விழுந்திட்டு, நெல்லு ஏறும் எண்டு மண்டூர்ப் பக்கம் வயல் செய்யிற மாமாட அண்ணன் சொன்னார், அறுவடை முடிஞ்ச கையோட பட்டிருப்புப் பாலத்தால போய் கைக்காசுக்கு 20 மூடை எடுத்து அடுக்கினன். மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டு, மில்லுக்கார அண்ணன் கறண்ட் வாற நேரம் போன் பண்ணுவார், ராத்திரி 1 மணியெண்டாலும் ஊறவச்ச அரிசியோட ஓடுவம். டொலர் ஏறி கோதுமை மா விலை பிடிக்க ஏலாம போக, பாண் வாங்கின சனமெல்லாம் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் திரும்பிச்சு, ஆனா அரிசியும் பையும் லேபலும் ஏறினதால பழைய விலைக்குக் குடுக்க ஏலாது, ஒவ்வொரு கடைக்கும் நானே போய் கணக்கைக் காட்டித்தான் விலை கூட்டினன், ஒரு கடையும் விட்டுப் போகல்ல.

காயவைக்கிற மெசினுக்கு அப்ப பேங்க்ல லோன் கேட்டிருந்தன். ஏப்ரல்ல மத்திய வங்கி தன்ட வட்டி வீதத்தை ஒரே தரத்துல 7 வீதப்புள்ளி கூட்டினதோட, எனக்குச் சொன்ன வட்டி 20 தாண்டிட்டு. வேணாம் எண்டு வந்திட்டன். சீட்டுக் கட்டி 2023ல பாவிச்ச மெசின் ஒண்டு எடுத்தன், ஒரு வருசம் பிந்திச்சு, கடன் இல்ல. இப்ப மாமியோட சேர்ந்து மூணு பிள்ளைகள் வேலை செய்யிறாங்க, அவங்களுக்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுறன், அவங்கட சம்பளத்துல 8 வீதம், என்ட பக்கத்தால 12, ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3. விலை போடக்குள்ள இதையும் மாமிட சம்பளத்தையும் முதல்ல எழுதிட்டுத்தான் மத்ததை எழுதுறது.

போன மாசம் பெரிய சுப்பர்மார்க்கட் ஒண்டு கேட்டிச்சு. இலங்கைக்குரிய 479ல தொடங்குற பார்கோட் எடுத்தாச்சு, சாம்பிளும் பிடிச்சிட்டு, ஆனா காசு 45 நாளைக்குப் பிறகுதானாம், விக்காத சாமான் திரும்பி என்ட தலையில. அவங்க கேக்கிற அளவுக்கு 45 நாள் சாமான் போட எனக்கு 400,000 கிட்ட வெளியில நிக்கும். 21 நாள் எண்டா கிழமைக்கு 200 பேக்கட் தாறன், அதுக்கு மேல இப்ப ஏலாது எண்டு கடிதம் எழுதி அனுப்பியிருக்கன். பதில் இன்னும் வரல்ல, நாளைக்கு வெள்ளென காத்தான்குடிக்கு பேக்கட் ஏத்தவேணும், நானா பத்துல இருந்து இப்ப 120 எடுக்கிறார்.